மயானக் கொள்ளைக்கும் சிரசுத் திருவிழாவுக்கும் நடுவே: எரிவாயுச் சந்தையும் நம் வெயிலும்

தை மாதக் காலை, காட்பாடி பக்கம் ஒரு சி.என்.ஜி. பங்க். பனி இன்னும் விலகவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆட்டோக்காரர் காதை மறைத்து மஃப்ளர் கட்டியிருந்தார். பலகையில் விலை மாறியிருந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பிக் கேட்டார்: "நம்மூர்ல இப்போ ஃபேன் கூட போடறதில்ல சார். கேஸ் வெல ஏறணும்னா சித்திரையில ஏறணும். தையில இன்னாத்துக்கு ஏறுது?"

நியாயமான கேள்வி. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் எரிபொருள் கணக்கைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நானும் இதே கேள்வியோடுதான் அந்த வேலைக்குள் நுழைந்தேன். அன்று வரிசையில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி., அதாவது புரொப்பேனும் பியூட்டேனும். ஆட்டோவில் நிரப்புவது சி.என்.ஜி. அது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். அதே மீத்தேனை மைனஸ் 162 டிகிரி செல்சியசுக்குக் குளிரவைத்தால் தண்ணீர்போல் திரவமாகிவிடும். அதுதான் எல்.என்.ஜி. அப்படிச் செய்யும்போது கன அளவு ஏறக்குறைய 600-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கப்பலில் ஏற்றிக் கடல் கடத்த அதனால்தான் முடிகிறது. இந்தியா செலவழிக்கும் இயற்கை எரிவாயுவில் சுமார் பாதி இப்படிக் கப்பலில் வருவது.

இந்தத் திரவத்தை எப்படிக் குளிராகவே வைத்திருக்கிறார்கள்? நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் உடம்பில் கசியும் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வெளியே 42 டிகிரி கொளுத்தினாலும் உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும். எல்.என்.ஜி. தொட்டியிலும் நடப்பது இதுதான். எவ்வளவு கனமான காப்பு போட்டாலும் வெளிச்சூடு கொஞ்சம் உள்ளே நுழையும். அதனால் ஒரு சிறு பகுதி கொதித்து ஆவியாகும், மீதி குளிராகவே நிற்கும். கப்பலில் ஒரு நாளைக்கு இப்படி ஆவியாவது மொத்தத்தில் 0.1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்த ஆவியைக் கப்பலின் எஞ்சினே எரித்துக்கொள்கிறது.

0.1 சதவீதம் சின்ன எண்தான். ஆனால் மாதம் ஒன்றுக்கு அது 3 சதவீதம். நெல்லை அறுத்துக் குதிரில் கொட்டிவைத்து ஆறு மாதம் கழித்து விற்பதுபோல எல்.என்.ஜி.யை வைத்திருக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும். பருவம் மாறினால் இந்தச் சரக்கின் விலை இவ்வளவு ஆட்டம் போடுவதற்கு வேரும் இங்கேதான் இருக்கிறது. பதுக்கவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. வேண்டிய நேரத்தில் வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே கப்பலைத்தான் துரத்த வேண்டும்.

ஐரோப்பியர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. திரவத்தை மீண்டும் வாயுவாக்கி, எடுத்துத் தீர்ந்துபோன பழைய எரிவாயு வயல்களுக்குள்ளும் உப்புப் பாறைக் குகைகளுக்குள்ளும் அழுத்திச் சேமிக்கிறார்கள். கோடையில் நிரப்பி, குளிரில் எடுப்பார்கள். நம் நாட்டில் அப்படி வணிக அளவிலான நிலத்தடிக் கிடங்கு கிடையாது. நமக்கு நெருக்கமான இறக்குமதி முனையம் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில், மார்ச் 2019-இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடியது. அங்கே தலா 1,80,000 கன மீட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகள். முனையம் முழுத் திறனில் ஓடினால் நிரம்பிய தொட்டிகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 12 நாள் தாங்கும். பதின்மூன்றாம் நாள் கப்பல் வந்தாக வேண்டும்.

இப்போது நாட்காட்டிக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது.

உலகில் எல்.என்.ஜி.யை அதிகம் வாங்கும் இடங்கள் சீனா, ஜப்பான், தென்கொரியா, ஐரோப்பா. இவை எல்லாமே குளிர்நாடுகள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் அங்கே வீடுகளைச் சூடாக்க எரிவாயு வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஏ.சி. ஓட மின்சாரம் வேண்டும், அதற்கும் எரிவாயு வேண்டும். நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் அங்கே ஹீட்டரும் வேண்டாம், ஏ.சி.யும் வேண்டாம். தேவை தளர்ந்துவிடும், விலையும் தளரும். எரிவாயுவைத் திரவமாக்கி ஏற்றுமதி செய்யும் ஆலைகளில் பல தங்கள் பராமரிப்பு வேலையைக்கூட அந்த மாதங்களுக்குத்தான் ஒதுக்குகின்றன.

அந்த ஏப்ரல், மேதான் நமக்குச் சித்திரை, வைகாசி. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும் நேரம். மேளச் சத்தத்துக்கு நடுவே தார்ச் சாலையில் செருப்பில்லாமல் நிற்க முடியாத வெயில். உலகம் எரிவாயு வேண்டாம் என்று ஓய்ந்திருக்கும் நேரத்தில் நமக்கு வேண்டியிருக்கிறது. அவர்கள் அடித்துப்பிடித்து வாங்கும் தை மாதத்தில் நாம் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் இருக்கிறோம். ஊர்ச் சந்தை கலைகிற நேரத்தில் போய்க் காய் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் சகாயம்தான் இது. இந்தப் பருவ இடைவெளி, இந்தியா என்ற விலை பார்த்து வாங்கும் நாட்டை இவ்வளவு காலம் காப்பாற்றி வந்திருக்கிறது என்பது என் கணிப்பு. அந்த இடைவெளி இப்போது சுருங்குகிறது என்பது என் கவலை.

விலை எப்படி ஆடும் என்பதற்கு ஒரே உதாரணம் சொல்கிறேன். சர்வதேசச் சந்தையில் எரிவாயுவை எம்.எம்.பி.டி.யு. என்ற வெப்ப அளவில் விற்பார்கள். நம் வீட்டுக் கணக்கில் ஒரு எம்.எம்.பி.டி.யு. என்பது சுமார் ஒன்றரை சிலிண்டர் தரும் சூடு. ஆசியாவில் உடனடிச் சரக்குக்கு ஜே.கே.எம். என்று ஒரு அளவுகோல் விலை உண்டு, ஜப்பானையும் கொரியாவையும் வைத்துக் கணக்கிடுவது. 2020 ஏப்ரல் கடைசியில், கொரோனா முடக்கமும் மிதமாகப் போன குளிரும் சேர்ந்து, அந்த விலை 2 டாலருக்குக் கீழே விழுந்தது. வாங்க ஆள் இல்லாமல் அமெரிக்க ஏற்றுமதிச் சரக்குகள் பல ரத்தாயின. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2021 ஜனவரியில் வடகிழக்கு ஆசியாவில் கடுங்குளிர் இறங்கியது. பனாமா கால்வாயில் கப்பல்கள் தேங்கி நின்றன. அதே ஜே.கே.எம். 32 டாலரைத் தாண்டியது. கப்பலின் ஒரு நாள் வாடகை மட்டுமே 2 லட்சம் டாலருக்கு மேல் போனது. இன்றைய பெரிய கப்பல் ஒன்று 35 லட்சம் எம்.எம்.பி.டி.யு.வுக்கு மேல் சுமக்கும். ஏப்ரலில் 70 லட்சம் டாலர் பெறுமான சரக்கு, ஜனவரியில் 11 கோடி டாலருக்கு மேல். பெரும்பங்கு வேலையைச் செய்தது சில வாரக் குளிர்.

அப்போது இந்தியா என்ன செய்தது? பெரும்பாலும் ஒதுங்கி நின்றது. நமக்கு ஜனவரி அவசர மாதம் இல்லையே.

2022-இல் அந்த ஒதுங்கல் வசதி நமக்கு இல்லாமல் போனது. ரஷ்யா குழாய் வழியே ஐரோப்பாவுக்கு அனுப்பிய எரிவாயு படிப்படியாகப் பெருமளவு நின்றது. அதே கோடையில் ஐரோப்பாவில் வறட்சி. அணைகளில் நீர் இல்லை, ரைன் நதியில் நிலக்கரிப் படகுகள் பாதிச் சுமையோடு போயின, பிரான்சில் அணு உலைகள் பல பழுதுபார்ப்பில் நின்றன, ஓடியவற்றில் சிலவற்றை ஆற்று நீர் சூடானதால் குறைத்து ஓட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மாற்று எல்.என்.ஜி. என்று கப்பல் கப்பலாக இழுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஐரோப்பிய அளவுகோல் விலை, அங்கே கணக்கிடும் மெகாவாட்-மணி என்ற ஆற்றல் அளவு ஒன்றுக்கு 300 யூரோவைத் தாண்டியது. அந்த ஜூலையில் பாகிஸ்தான் 10 கப்பல் சரக்குக்கு டெண்டர் விட்டது. ஒருவர்கூட விலை சொல்ல முன்வரவில்லை. பணம் தருகிறோம் என்று சொல்லியும் சரக்கு கிடைக்காத நிலை. மின்வெட்டில் கிடந்த அந்த ஊர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது, ஏனென்றால் வெயிலில் அவர்களும் நம்மைப்போலத்தான்.

அதற்குப் பிறகுதான் நாட்காட்டி மாறத் தொடங்கியது. நவம்பர் பிறப்பதற்குள் நிலத்தடிக் கிடங்குகளை 90 சதவீதம் நிரப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. நிரப்ப வேண்டிய காலம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. அதாவது நாம் சகாயமாக வாங்கிக்கொண்டிருந்த மாதங்களில் பணக்கார வாடிக்கையாளர் ஒருவர் கடைக்குள் நுழைந்துவிட்டார். அவர் எவ்வளவு வாங்குவார் என்பதை முந்தைய குளிர் தீர்மானிக்கிறது. 2023-24 குளிர் மிதமாகப் போனது. மார்ச் கடைசியில் அவர்கள் கிடங்கில் 58 சதவீதத்தை ஒட்டி மிச்சம் இருந்தது. அந்தப் பிப்ரவரியில் ஜே.கே.எம். 8 டாலர் சில்லறைக்கு இறங்கியது. இந்தியா தாராளமாக வாங்கியது. அடுத்த குளிர் கொஞ்சம் கடுமை, காற்றாலைகளும் சரியாகச் சுழலவில்லை. 2025 மார்ச் கடைசியில் மிச்சம் 34 சதவீதத்தை ஒட்டித்தான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் வரப்போகும் கோடைக்கான விலை அதற்கடுத்த குளிர்காலத்துக்கான விலையையே மிஞ்சி நின்றது. பருவக் கணக்கு தலைகீழாகிவிட்டது. பிறகு 90 சதவீத இலக்கை அக்டோபர் முதல் தேதியிலிருந்து டிசம்பர் முதல் தேதிக்குள் எப்போது வேண்டுமானாலும் எட்டலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். ஐரோப்பிய விதி ஒன்று தளர்ந்ததற்கு ராணிப்பேட்டையில் உட்கார்ந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டவன் நான்.

இதுவரை சொன்னது வாங்குகிறவர் பக்கம். விற்கிறவர் பக்கமும் வானிலை அடிக்கும்.

எரிவாயுவைக் குளிர்விக்கும் ஆலை ஒரு பிரம்மாண்டமான ஃபிரிட்ஜ். மே மாதத்தில் நம் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் தெரியும், அது எப்படி மூச்சுவாங்குகிறது என்று. காற்றால் குளிர்விக்கப்படும் ஆலைகளுக்கும் அதே நிலைதான். வெளியே சூடு ஏறினால் உற்பத்தி குறையும், குளிர்ந்தால் கூடும். ஆனால் குளிர் அளவு மீறினாலும் ஆபத்து. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது கிணற்று வாயிலேயே நீர் பனிக்கட்டியாகி எரிவாயு வருவது அடைத்துக்கொண்டது. அதற்கு முன் 3 டாலரை ஒட்டி இருந்த அமெரிக்க விலை ஒரு நாள் 23 டாலரைத் தாண்டியது. ஏற்றுமதி ஆலைகள் வாங்கும் வாயு சரிந்தது. அதே கடற்கரையில் புயல்கள் வேறு. 2020 ஆகஸ்டில் லாரா புயல் அடித்த பின் லூசியானாவின் கேமரன் ஆலை ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. மின்கம்பிகள் விழுந்ததுதான் பெரிய காரணம். 2024 ஜூலையில் பெரில் புயலுக்கு ஃப்ரீபோர்ட் ஆலை நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். வடதுருவத்தை ஒட்டிய ரஷ்யாவின் யமால் சரக்கு, பனி உருகும் மாதங்களில் மட்டுமே நேராகக் கிழக்கே ஆசியாவுக்கு வர முடியும்.

பனாமா கால்வாயை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது கடல்நீரில் ஓடும் கால்வாய் இல்லை. காட்டூன் என்ற நன்னீர் ஏரியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டுக் கப்பலை ஏற்றி இறக்குகிறார்கள். ஒரு கப்பல் கடக்க ஏறக்குறைய 20 கோடி லிட்டர். 2023-இல் மழை பொய்த்து ஏரி வற்றியது. நாளைக்கு 36 கப்பல் போன இடத்தில் 22 வரை குறைத்தார்கள். ஏரி நிரம்பினால் இரண்டு போகம், பாதி நிரம்பினால் ஒரு போகம், மடையை எந்த நாள் திறப்பது என்று ஊர் கூடிப் பேசும் காவேரிப்பாக்கத்துக்காரருக்கு இது விளக்காமலே புரியும். ஜப்பானுக்குப் போக வேண்டிய அமெரிக்க எல்.என்.ஜி. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. பத்துப் பதினைந்து நாள் கூடுதல் பயணம். கப்பல் கூடுதலாக நாள் எடுத்தால் உலகில் கப்பலே குறைந்துபோனதுபோலத்தான்.

நம் கரையிலும் இது உண்டு. மகாராஷ்டிரத்தின் தாபோல் முனையத்தில் அலைத்தடுப்புச் சுவர் முழுமையாக இல்லாததால் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் பல ஆண்டுகள் கப்பலே கரை அணையவில்லை. எண்ணூருக்கு அபாயம் வடகிழக்குப் பருவமழையில். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் துறைமுகத்திலிருந்து கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று சென்னைக் கரை பார்த்த புயல்கள் நினைவிருக்கும். தொட்டிக் கணக்கு 12 நாள் என்று மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

நம் வெயில் எவ்வளவு எரிவாயு கேட்கிறது? 2024 மே 30-ஆம் தேதி நாட்டின் மின்தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. தமிழ்நாடு மட்டும் அந்த மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட். நாட்டில் அப்போது சுமார் 25,000 மெகாவாட் எரிவாயு மின்நிலையங்கள் இருந்தும், வாயு விலை கட்டாததால் பெரும்பாலானவை ஆண்டு முழுக்கத் தூங்கும். அந்தக் கோடையில் மே, ஜூன் இரண்டு மாதமும் ஓட்டியே ஆக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. சிக்கல் சூரியன் மறைந்த பிறகு. வேலூரில் கோட்டையும் மலையும் வாங்கிவைத்த சூட்டை ராத்திரி பத்து மணி வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், ஏ.சி. ஒன்றும் அணையாது. நிலக்கரி உலையைச் சட்டென்று ஏற்றி இறக்க முடியாது. எரிவாயு டர்பைனை முடியும்.

மழை பொய்த்தாலும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு நாடு பார்த்த மிக வறண்ட ஆகஸ்ட். பாசன பம்புசெட்டும் வீட்டு ஏ.சி.யும் சேர்ந்து இழுத்ததில் எரிவாயு நிலையங்களும் கூடுதலாக ஓடின.

வயலுக்கும் இதில் பங்குண்டு. யூரியாவின் மூலப்பொருளே எரிவாயுதான். மணலியில் இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை 2019-இல் நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளை விட்டு எண்ணூரிலிருந்து குழாயில் வரும் எரிவாயுவுக்கு மாறியது. ஆரணிப் பக்கத்து நெல்லுக்கும் திருப்பத்தூர்க் கரும்புக்கும் போடும் யூரியா மூட்டை 45 கிலோ 266 ரூபாய் 50 காசுதான், ஜப்பானில் பனி கொட்டினாலும் கொட்டாவிட்டாலும். வித்தியாசத்தை அரசு மானியமாகச் சுமக்கிறது. 2022-23-இல் உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். கடையில் தெரியாத விலையேற்றம் பட்ஜெட்டில் போய் உட்கார்ந்தது.

ஆட்டோக்காரரின் பலகைக்குத் திரும்புவோம். பங்கில் விற்கும் வாயு ஒரே இடத்துச் சரக்கில்லை. உள்நாட்டுக் கிணறுகளிலிருந்து வரும், விலைக்கு உச்சவரம்பு உள்ள வாயு ஒரு பங்கு. கத்தார்போன்ற நாடுகளோடு போட்ட நீண்டகால ஒப்பந்தச் சரக்கு ஒரு பங்கு. அதன் விலை கச்சா எண்ணெயோடு கட்டப்பட்டது, குளிருக்கு உடனே அசையாது. மிச்சம்தான் அன்றாடச் சந்தையில் வாங்குவது. வானிலை நேராக இடிப்பது இந்த மிச்சத்தைத்தான். 2024 அக்டோபரிலும் நவம்பரிலும் நகர எரிவாயு நிறுவனங்களுக்கான மலிவான உள்நாட்டு ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். அப்போது இறக்குமதிச் சரக்கின் பங்கு கூடியது. ஒரு எம்.எம்.பி.டி.யு. ஏறக்குறைய 20 கிலோ சி.என்.ஜி. அப்படியென்றால் இறக்குமதி விலை ஒரு டாலர் ஏறினால், அந்தப் பங்கில் கிலோவுக்கு நாலு ரூபாய்க்கு மேல் கூடும். கலவையில் அது கரைந்து, சில வாரம் பின்தங்கி, பலகையில் ஒன்றிரண்டு ரூபாயாகத் தெரியும். தையில் ஏறியது தைக் குளிரால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. கார்த்திகையில் வாங்கிய சரக்கும் அதில் இருக்கும், டாலர் மதிப்பும் இருக்கும்.

நாள் முழுக்க ஆட்டோ ஓட்டி வீட்டைக் காப்பாற்றுகிறவருக்கு ஒன்றிரண்டு ரூபாய் சின்னதில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்: நமக்கு நிலத்தடிக் கிடங்கு வேண்டும். தீர்ந்துபோன வயல்கள் நம் நாட்டிலும் இருக்கின்றன. செலவு பிடிக்கும், அழுத்தம் குறையாமல் இருக்க அடியில் நிரந்தரமாக விட்டுவைக்க வேண்டிய வாயுவுக்கே பெரிய முதலீடு வேண்டும், ஆனால் சகாய மாதம் இதுதான் என்று முன்போல உறுதியாகச் சொல்ல முடியாத காலத்தில், சகாயமாகக் கிடைக்கிற வாரத்தில் வாங்கி வைக்க ஒரு குதிர் இல்லாமல் எப்படி?

அதுவரை கப்பல் கணக்குதான். அமெரிக்க வளைகுடாக் கரையில் ஏற்றிய சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியா சேர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அக்னி நட்சத்திரம் பிறப்பது மே 4-ஐ ஒட்டி. அந்த வெயிலுக்கான கப்பல் மார்ச் முடிவதற்குள் கிளம்ப வேண்டும், அதற்கான பேரம் அதற்கும் முன்னால், மாசியில். பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைக்குத் தேர் கட்டிக்கொண்டிருக்கும் நாட்களில் என் மேசையில் இரண்டு எண்களைத்தான் குறித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐரோப்பாக் கிடங்கில் மிச்சம் எத்தனை சதவீதம், டோக்கியோவில் குளிர் இன்னும் எத்தனை வாரம்.

போன மாசியில் அதே ஆட்டோக்காரரைப் பார்த்தேன். மஃப்ளரைக் கழற்றியிருந்தார். "இப்போ ஜப்பான்ல குளிர் கொறஞ்சிச்சா சார்?" என்று கேட்டார்.